உள்ளே பக்கம், வெளியே மூலை

ஏப்ரல் 3, வியாழன்

கீழச்செம்பொட்டல் வந்து சேர்ந்தாயிற்று. பரமக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசி நாலு கிலோமீட்டர் ஜல்லி லாரியில். பத்தொன்பது வருஷம் சைட்டில் கிடந்து வெந்ததற்கு மரியாதை இதுதான். எனக்கு முன்னால் இருந்த எஞ்சினியர் தூண்களையும் அவற்றின் மேல் தரைத்தளத்தையும் முடித்துவிட்டு, வெயில் தாங்காமல் ஓடிவிட்டாராம். மிச்சம் என் தலையில். வட்டச் சுவர், மூடி, பூச்சு. முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்க். உள்விட்டம் நாலு மீட்டர், சுவர் கனம் பதினைந்து சென்டிமீட்டர். மேலே ஏற நாற்பது படி இரும்பு ஏணி. என் முழங்கால் பதினைந்தாவது படியிலேயே பேச ஆரம்பித்துவிட்டது.

டேங்குக்கு நேர் கீழே ஒரு வீட்டில் அறை கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரி பேர் பூமயில். முப்பத்தைந்து வயசு இருக்கும். வாசலில் இட்லிக் கடை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பெட்டியை இறக்கக்கூட விடவில்லை.

“அக்கா, டேங்கு எப்ப முடியும்?”

“மே மாசம்.”

“எந்த வருஷத்து மே மாசம்?”

பெட்டியை மூலையில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த ஊர் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, உப்பு. காலை ஐந்து மணிக்குப் பூமயில் இரண்டு குடத்தோடு கிளம்பி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறாள். ஒரு நாளைக்கு நாலு நடை. ஊரே அப்படித்தான் போகிறது. இதில் கொடுமை என்னவென்றால் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் ஊர் எல்லை வரை வந்து நிற்கிறது. ஏற்றி வைக்கத்தான் டேங்க் இல்லை.

ஏப்ரல் 5, சனி

சுவருக்கு அச்சாக நிறுத்த வேண்டிய வளைவுத் தகடு வரவில்லை. வேறு ஏதோ வேலையில் மாட்டிக்கொண்டதாம். காண்ட்ராக்டர் வில்லாயுதம் இரண்டடி அகல நேர்த் தகடுகளை ஏற்றி அனுப்பிவிட்டுப் போனில் தத்துவம் பேசுகிறார். “இருக்கறத வச்சு முடிக்கிறவன்தாம்மா எஞ்சினியரு.”

சென்ட்ரிங் மேஸ்திரி உடையப்பன் தகடுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கான்கிரீட்டுக்கு அச்சு நிறுத்துவதில் இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். அதிகம் பேசமாட்டார். பேசினால் எரிச்சல் மூட்டுவார்.

“வட்டத்துக்கு நேர்த் தகடா மேடம்? சுத்தி இருபத்தோரு மூலை விழுகும்.”

“விழட்டும். பூசும்போது வட்டமாக்கிக்கலாம்.”

தளத்தின் நடுவில் ஆணி அடித்து, கயிறு பிடித்து, இரண்டு வட்டம் போட்டோம். உள் வட்டம் சுவரின் உள்பக்கம். வெளி வட்டம் சுவரின் வெளிப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து சென்டிமீட்டர்.

நான் கட்டிய போன டேங்கில் அளவெடுக்க வந்த அரசாங்க எஞ்சினியர், ஏ.இ., ஆயிரம் லிட்டர் குறைகிறது என்று எழுதிவிட்டார். வில்லாயுதம் இருபது பேர் முன்னால் என்னைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அதனால் மேஸ்திரியிடம் கறாராகச் சொன்னேன். “உள் கோட்டுக்கு உள்ள ஒரு நூல்கூட வரக் கூடாது. தகடு கோட்ட ஒட்டி வெளியதான் நிக்கணும்.”

“அப்ப தகட்டோட நடு கோட்டத் தொடும். மூலை செவுத்துப் பக்கம் தள்ளிப் போகும்.”

“போகட்டும். தண்ணி கூடத்தான் பிடிக்கும்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். எனக்குக் காய்ச்சல் வருவது போல இருந்தது. இரண்டு மாத்திரை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கம்பி கட்டு முடிந்தது. நல்ல வேலை. கம்பிக்கு மூலை தெரியாது, வட்டமாக வளைந்து நிற்கிறது.

ஏப்ரல் 9, புதன்

வெயிலில் மண்டை பிளக்கிறது. நாலு தடவை ஏறி இறங்கினேன். ஒரு தடவை இறங்கியதும் வாந்தி.

இன்று வெளித் தகடு. மேஸ்திரி முதல் தகட்டை நிறுத்தினார். மூலை தளத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கீழிருந்து பார்த்தால் அசிங்கம். ஊராட்சித் தலைவர் கோட்டைச்சாமி வேறு பக்கத்தில் நின்று, “என்னம்மா இது, சட்டைக்கு வெளிய பனியன் தெரியுற மாதிரி” என்றார். “வெளிக் கோட்டத் தாண்டவே கூடாது மேஸ்திரி. மூலையக் கோட்டு மேல நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு நிழலுக்கு வந்துவிட்டேன்.

அரை மணியில் மறுபடி கூப்பிட்டார். கம்பி தகட்டில் ஒட்டாமலிருக்க நடுவில் வைக்கிற சிமெண்ட் வில்லை, கவர் பிளாக், அது நுழையவில்லையாம்.

“தகட்டுக்கு நடு மத்தியில இடிக்குது மேடம். மூலையில நல்லா நுழையுது. நடுவுலதான் எடமே இல்ல.”

“கம்பிக்காரங்க கோணலாக் கட்டிருப்பாங்க. இடிக்கிற எடத்துல எடுத்துட்டு மூடுங்க.”

“எல்லாத் தகட்டுலயும் இடிக்குதே.”

“எல்லாத்துலயும் எடுங்க.”

மூடினார்கள். தூங்கப் போகிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

சுவர் கான்கிரீட் முடிந்தது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நின்றபடி. முப்பத்தெட்டு மூட்டை சிமெண்ட் ஆகும் என்று போட்டிருந்தேன். ஆறு மூட்டை மிச்சம். வில்லாயுதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நீ கைராசிக்காரிம்மா” என்றார். என் ஆயுளில் ஒரு சைட்டிலும் சிமெண்ட் மிஞ்சியதில்லை. மிஞ்சினால் நல்லதுதானே.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேலைக்கு ஆள் இல்லை. உடையப்பன் மட்டும் வந்து, கொஞ்சம் தகடுகளைப் பிரித்தார். போய்ப் பார்த்தேன்.

வெளியே ஒவ்வொரு தகடு நின்ற இடத்திலும், சரியாக நடுவில், கம்பியின் தடம் தெரிகிறது. சில இடத்தில் கம்பியே தெரிகிறது. உள்ளே இறங்கிப் பார்த்தால் பக்கங்களின் நடுவில் ஒன்றும் இல்லை, மூலைகளில் தெரிகிறது. பார்த்த இடமெல்லாம் அப்படியே, எண்ணி வைத்தது போல.

மேஸ்திரி தகட்டைத் தப்பாக நிறுத்தியிருக்கிறார். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை. சொல்லவும் மாட்டார்.

பூமயில் வடை பாயசம் கொடுத்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேலே போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பூமயில் கடைத் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. இரண்டையும் இந்த நோட்டின் பின்பக்கத்தில் கவிழ்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் போட்டேன்.

நேர்க் கோடுகளால் ஒரு வட்டத்தை வளைக்க இரண்டு வழி உண்டு. மூலைகளை வட்டத்தின் மேல் உட்காரவைத்தால் பலகோணம் வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வட்டம் பலகோணத்தைத் தாண்டி வெளியே நிற்கும். பக்கங்களை வட்டத்தைத் தொடவைத்தால் வட்டம் பலகோணத்துக்குள் அடங்கும். அப்போது ஒவ்வொரு மூலையிலும் பலகோணம் வெளியே நீட்டும். முதலாவது வட்டத்தை விடச் சின்னது, இரண்டாவது பெரியது. பக்கங்கள் கூடக் கூட இரண்டும் வட்டத்தை நெருங்கும். இருபத்தொரு பக்கம் என்பது ஏணியில் நின்று பார்த்தால் வட்டம் மாதிரிதான் இருக்கிறது. அளந்தால் இல்லை. இரண்டு மீட்டர் ஆரத்துக்கு இரண்டேகால் சென்டிமீட்டர் உதைக்கிறது.

உள் தகடு பக்கத்தால் கோட்டைத் தொட்டு நின்றது. அதன் மூலைகள் சுவருக்குள் இரண்டேகால் சென்டிமீட்டர் புகுந்துவிட்டன. வெளித் தகடு மூலையால் கோட்டைத் தொட்டு நின்றது. அதன் நடுப் பாகம் அதே அளவு சுவரைத் தின்றுவிட்டது. மூலையில் அளந்தாலும் நடுவில் அளந்தாலும் பதினைந்து வராது. பன்னிரண்டரைதான். வட்டமாக நிற்கிற கம்பிக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் கான்கிரீட் போர்வை இருக்க வேண்டும். இருப்பது ஒரு அட்டை கனம்.

நேர் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். உள்ளே மூலை தொட வேண்டும், வெளியே பக்கம் தொட வேண்டும். உள்ளே குறைகிற தண்ணீருக்குச் சுவரை இரண்டு விரல் உயர்த்தினால் தீர்ந்தது. வெளியே மூலை கொஞ்சம் நீட்டினால் யார் குடியும் முழுகாது.

எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும் இது.

யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பது இப்போது முக்கியமில்லை.

ஏப்ரல் 16, புதன்

வில்லாயுதத்திடம் போனில் சொன்னேன்.

“இடிஞ்சு விழுகுமா?”

“இப்ப விழாது. கம்பிக்கு மேல போர்வை இல்லண்ணே. உப்புக் காத்து. நாலஞ்சு வருஷத்துல துருப்பிடிச்சு உப்பும். பூச்சு பேந்து விழும். கசிய ஆரம்பிக்கும். அதுக்கு அப்புறம் முப்பது டன் தண்ணி எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.”

“நாலஞ்சு வருஷமா! அதுக்குள்ள யாரு யாரு எங்க இருக்கமோ. உள்ள மூலையில பூசு, வெளிய நடுவுல பூசு. வட்டம் வட்டமாயிரும்ல?”

“ஆயிரும்.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் ஒன்றுமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். மறையும் என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

உடையப்பன் ஏணிக்குக் கீழே வழி மறித்தார்.

“மேடம், அந்தச் செவுரு சரியில்ல.”

“நீங்க நிறுத்துனதுதான மேஸ்திரி.”

“நீங்க சொன்ன மாதிரி நிறுத்துனேன்.”

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதையே அவரிடமும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 19, சனி

கான்கிரீட்டை நனைக்க தினமும் லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது விதி. சுவரைச் சுற்றிச் சாக்குக் கட்டி, மூன்று வேளையும் நனைக்கிறோம்.

லாரி நின்றதும் பூமயில் இரண்டு குடத்தோடு வந்தாள். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறதாம், மூன்றாவது நடைக்குப் போனால் பிள்ளை தனியாகக் கிடக்கும் என்றாள். பின்னால் நாலைந்து பெண்கள், கையில் குடத்தோடு, அவளுக்குக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ரெண்டே ரெண்டு கொடம்க்கா.”

“உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க பூமயிலு. செவுரு காஞ்சா வெடிச்சிரும். உங்க டேங்குதான?”

“ஆமா, எங்க டேங்குதான்” என்று திரும்பிப் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

அந்தத் தண்ணீர் முழுவதையும் சுவருக்கு ஊற்றினோம். விதி விதிதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 23, புதன்

பூச்சு ஆரம்பம். உடையப்பன் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன். அவர் வேலை தகடு நிறுத்துவதாம், தகடு செய்த தப்பை மறைப்பது அவர் வேலை இல்லையாம். திமிர். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்து அப்படிச் சொல்ல முடிகிறதே என்று பொறாமையாக இருந்தது.

ஏப்ரல் 26, சனி

பூச்சு முடிந்தது. வழவழவென்று வட்டம். என் கண்ணுக்கே எங்கே மூலை இருந்தது என்று தெரியவில்லை.

ஏ.இ. வந்தார். டேப்பை விட்டு உள்விட்டம் பார்த்தார், நாலு மீட்டர், கச்சிதம். மேல் விளிம்பில் கனம் பார்த்தார், பதினைந்து. “போன டேங்கு மாதிரி இல்ல, இதுல மனசு வச்சு வேலை பாத்திருக்கீங்க” என்றார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஏ.இ. என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. நன்றி சொன்னேன். வாய் தானாகச் சொல்கிறது.

மூடி பிறகு போட்டுக்கொள்ளலாம், திங்கள் ஐந்தாம் தேதி தண்ணீர் ஏற்றுங்கள் என்று தலைவர் நிற்கிறார். அவர் பேரில் சாப்பாடு வேறு போடுகிறாராம்.

ஏப்ரல் 28, திங்கள்

ஐந்தாம் தேதி தண்ணீர் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். ஒருத்தி வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

சாயங்காலம் பூமயில் டேங்குக்குக் கீழே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், தண்ணீர் ஊற்றியாயிற்று, இனிப் பயமில்லை என்றாள். பிறகு, “அக்கா, நாலு தூணுக்கும் நடுவுல நல்ல நெழலு. கடைய இங்க மாத்திக்கிறேன். குழாயும் பக்கத்துல. பிள்ளையும் கண்ணு முன்னால வெளாடும். தலைவரு சரின்னுட்டாரு. நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள்.

“பாக்கலாம்” என்றேன்.

“என்னக்கா பாக்குறது. நீங்க கட்டுனதுதான?”

அறைக்கு வந்து இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். ஏப்ரல் ஒன்பது: ‘வெளிக் கோட்டத் தாண்டவே கூடாது.’ ஏப்ரல் ஐந்து: ‘உள் கோட்டுக்கு உள்ள ஒரு நூல்கூட வரக் கூடாது.’ என் கையெழுத்து. மேஸ்திரி இரண்டு தடவையும் சொல்லியிருக்கிறார், நான் அதையும் எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர் குறையக் கூடாது என்று ஒரு நாள் சொன்னேன். பார்க்க அசிங்கமாக இருக்கக் கூடாது என்று இன்னொரு நாள் சொன்னேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயம். நடுவில் நின்ற சுவரை இரண்டு பக்கமிருந்தும் நான்தான் தின்றேன்.

வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் களைப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

வில்லாயுதத்திடம் பேசினேன். இடித்துவிடலாம் என்றேன். “உனக்குப் பித்தம் ஏறிருச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் குளி” என்றார். குளிக்கத் தண்ணீர் ஏது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 30, புதன்

உடையப்பன் வீட்டுக்கு நடந்து போனேன். மூன்று கிலோமீட்டர். அவர் ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“நான்தான் சொன்னேன் மேஸ்திரி. நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன்.”

“அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சாச் சரி.”

“இடிக்கணும்னா எத்தன நாளாகும்?”

“செவுத்த மட்டும் எடுத்தாப் போதும். கம்பி சேதப்படாம எடுக்கணும்னா மெதுவாத்தான் எடுக்க முடியும். பழையபடி கட்டி எழுப்ப ஆடி ஆயிரும்.” ஒரு கட்டு குழையை அவிழ்த்தார். “இந்த ஊரு பொம்பளைங்க உங்கள உரிச்சுருவாளுக.”

“தெரியும்.”

“டீ குடிக்கிறீங்களா?”

குடித்தேன்.

மே 1, வியாழன்

கிராமசபைக் கூட்டம். சமுதாயக் கூடத்தில் பெண்கள்தான் அதிகம். தண்ணீர் வரப்போகிறது என்று பலரும் நல்ல சேலையில் வந்திருந்தார்கள். தலைவர் பேசினார், ஐந்தாம் தேதி என்றார். கை தட்டினார்கள். எஞ்சினியர் அம்மா இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார்.

எழுந்தேன்.

“டேங்குச் செவுரு பதினஞ்சு சென்டிமீட்டர் இருக்கணும். பன்னெண்டரைதான் இருக்கு. மேல பூச்சுப் பூசி மறைச்சிருக்கோம். இப்ப தண்ணி நிக்கும். நாலஞ்சு வருஷம் கழிச்சு நிக்காது. கீழ ஆளு இருந்தா உசுருக்கு ஆபத்து. இடிச்சுட்டுத்தான் கட்டணும். தப்பு என்னோடது. மேஸ்திரி சொன்னாரு, நான் கேக்கல.”

ஒரே கூச்சல். தலைவர், “ஏம்மா, ஏ.இ.யே சரின்னுட்டாரே” என்றார். “அவரு அளந்தது பூச்ச” என்றேன். யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். எழுத விரும்பவில்லை. எல்லாம் நியாயமான வார்த்தைகள்தான்.

பூமயில் கடைசி வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். கூட்டம் தானாக அடங்கியது.

“உனக்கு இது எப்பத் தெரியும்?”

முதல் தடவையாக நீ என்றாள்.

“சித்திரை ரெண்டு.”

“இன்னைக்கு?”

“பதினெட்டு.”

“பதினாறு நாளு.” விரலை விட்டு எண்ணவில்லை, நேராகச் சொன்னாள். “தப்பு எல்லாருக்கும் வரும். எனக்கும் மாவு புளிச்சுப் போகும். அன்னைக்கே சொல்லிருந்தா அன்னைக்கே இடிச்சிருப்பாங்க. பதினாறு நாளு முன்னால எங்களுக்குத் தண்ணி வந்துருக்கும். எம்புள்ள அம்மையில கெடந்தப்ப ரெண்டு கொடம் கேட்டேன். இடிக்கப் போற செவுருன்னு தெரிஞ்சே அதுக்கு ஊத்துன.”

அவள் கூட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“செவுத்த இடிச்சுக் கட்டு. அது உன் வேல. மறைச்ச பதினாறு நாளுக்கு நீ எங்கூட வந்து தூக்கு. நாலு நடை, ரெண்டு கொடம்.”

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“வர்றேன்” என்றேன்.

மே 2, வெள்ளி

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பூமயில் பேசவில்லை. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. தலையில் வைத்தது பாதி வழியில் சரிந்து என்மேல் கொட்டியது. திரும்பப் போய் எடுத்து வந்தேன். நாலு நடை முடியும்போது எட்டே முக்கால்.

ஒன்பதரைக்கு வில்லாயுதம் காரில் வந்தார். ஒரு மணி நேரம் கத்தினார். விஷயம் மேலே போய்விட்டது, சொந்தச் செலவில் இடித்துக் கட்டிக் கொடுப்பதாக அவரிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். “எங்க போற? நீயே இடி, நீயே கட்டு, அப்புறம் மூஞ்சியில முழிக்காத. இந்த வெயில்ல வேற எவ வருவா?” என்றார்.

பெட்டியை அவிழ்த்தேன்.

மே 3, சனி

எட்டுக் குடம். கழுத்து திரும்பவில்லை.

மே 6, செவ்வாய்

எட்டுக் குடம். உடையப்பன் வந்துவிட்டார். இடிப்பு ஆரம்பம். மெஷின் வைத்து உடைக்கும்போது பூச்சுத்தான் முதலில் பாளம் பாளமாக வந்தது. உள்ளே அந்த இருபத்தொரு பக்கமும் அப்படியே இருந்தது. ஊர்ப் பெண்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

மே 9, வெள்ளி

எட்டுக் குடம். தலையில் குடம் நிற்கச் சும்மாடு எப்படிச் சுற்றுவது என்று வழியில் ஒரு பெண் காட்டிக் கொடுத்தாள். பூமயில் நிற்கவில்லை, முன்னால் போய்விட்டாள்.

மே 13, செவ்வாய்

சுவர் முழுக்க இறங்கிவிட்டது. தளத்தைக் கழுவி மறுபடி இரண்டு வட்டம் போட்டோம். வளைவுத் தகடு இன்னும் வரவில்லை, இனியும் வராது. அதே நேர்த் தகடுதான். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க” என்றேன்.

“உள்ள மூலையக் கோட்டுல நிறுத்துறேன். வெளிய நடுவக் கோட்டுல நிறுத்துறேன். செவுரு எங்க அளந்தாலும் பதினஞ்சுக்குக் கீழ போகாது. கூடத்தான் வரும்.”

“தண்ணி கொறையும். அதுக்கு ஒசரத்த ரெண்டு வெரலு கூட்டிக்கலாம்.”

“மூலை வெளிய நீட்டும். தலைவரு பனியன் தெரியுதும்பாரு.”

“தெரியட்டும்.”

அவர் சிரித்த மாதிரி இருந்தது. வெற்றிலை எச்சிலாகவும் இருக்கலாம்.

மே 17, சனி

பதினாறாவது நாள். கடைசி நடையில் தலைக் குடத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பூமயில் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, இரண்டு குடத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவள் இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று சொல்லலாமா என்று நின்றேன். சொல்லவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வழியாகத் தீர்ந்தது. நாளை ஞாயிறு. ஒன்பது மணி வரை தூங்கப் போகிறேன். யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்கப் போவதில்லை.

மே 18, ஞாயிறு

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். எழுந்து திறந்தேன். பூமயில் இரண்டு குடத்தோடு நின்றாள். என் குடம் இரண்டும் படியில் இருந்தன.

“பதினாறு முடிஞ்சுருச்சே பூமயிலு” என்றேன்.

“தண்ணி வந்துருச்சா?” என்றாள்.

சும்மாட்டுத் துணியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.